நெருப்பு ஒரு பக்கம், அணில் ஒரு பக்கம்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவுக்குப் போகிறவர்கள் வெந்நீர் ஊற்றுக்கும் காட்டெருமைக்கும்தான் போவார்கள். நாங்களும் அதற்குத்தான் போனோம். நாரிஸிலிருந்து கேன்யன் போகும் சாலையில் காரை ஓரங்கட்டியபோதுதான் எனக்குப் பைன் பைத்தியம் பிடித்தது.

அங்கே 1984-இல் ஒரு பெருங்காற்று மரங்களை மைல் கணக்கில் சாய்த்துப் போட்டது. நாலு வருடம் கழித்து, 1988 கோடையில், பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிந்தபோது இந்த இடமும் எரிந்தது. அந்தத் தீயை அடக்கியது மனிதர்கள் அல்ல, செப்டம்பரில் விழுந்த பனி. வெள்ளி நிறத்தில் வெளுத்துக் கிடக்கும் பழைய கட்டைகளுக்கு நடுவே இப்போது இளம் பைன்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

“மொட்டைக் கட்டையைப் பார்க்கவாடா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றான் நண்பன்.

யாரும் நட்டு வளர்த்த காடு அல்ல இது. லாட்ஜ்போல் பைன் என்ற இந்த மரத்தின் விதை தாங்கும் கூம்பு என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. செதில் நுனியில் சின்ன முள், கொஞ்சம் கோணலான வடிவம், கிளையோடு ஒட்டிய காம்பு. சில மரங்களில் கூம்பு முற்றியதும் விரிந்து விதையைக் கொட்டிவிடுகிறது. வேறு சிலவற்றில் செதில்களைப் பிசின் ஒட்டிவைத்திருக்கிறது. சுமார் 45 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் அந்தப் பிசின் இளகும். அதுவரை விதை உள்ளேயே கிடக்கும், பல வருடங்கள். தீ வந்தால் தாய்மரம் போய்விடும், கூம்பு திறந்துகொள்ளும், சாம்பல் மூடிய வெற்று நிலத்தில் விதைகள் கொட்டும். அடிக்கடி எரியும் இடத்தில் இப்படிப் பூட்டி வைத்த மரத்தின் பிள்ளைகள்தான் அடுத்த காடு.

அப்படியென்றால் எல்லா மரமும் பூட்டியே வைத்திருக்க வேண்டாமா? இல்லையே! உயரம் கூடக்கூட மூடிய கூம்பு குறைகிறது. மேலே பனி நெடுநாள் கிடப்பதால் தீ வருவது அபூர்வம். முன்னூறு வருடம் தீ வராத இடத்தில், காற்றில் ஒரு மரம் விழுந்து வெளிச்சம் கிடைக்கும்போது உடனே விதை தூவுகிற மரத்துக்குத்தான் லாபம். சரி, தாழ்வான பகுதியிலும் ஏன் இரண்டும் கலந்து நிற்கின்றன? அதற்குப் பதில் தலைக்கு மேலே கத்திக்கொண்டிருந்தது.

சிவப்பு அணில். அது வெட்டித் தள்ளிய பச்சைக் கூம்புகள் தொப்பு தொப்பென்று விழுந்தன. மரத்தடியில் செதில் குப்பை முழங்கால் உயரம், கையை விட்டால் ஈரமாகச் சில்லென்று இருந்தது. அதற்குள் குளிர்காலத்துக்கான கூம்புகளைப் புதைத்து வைக்கிறது. திறக்கும் கூம்பென்றால் விதை பறப்பதற்குள், சில வாரங்களுக்குள் அறுவடை செய்தாக வேண்டும். மூடிய கூம்பு மரமோ ஐந்தாறு வருட மகசூலை ஒரே குதிரில் கொட்டி வைத்த மாதிரி. எப்போது வேண்டுமானாலும் ஏறிக் காலி செய்யலாம். ஆகவே தீ எந்த மரத்தை வளர்க்கிறதோ, அதையே அணில் கழிக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டதும் அணில் இல்லாத காடு பார்த்தே தீர வேண்டும் என்று தோன்றியது. அப்புறம் என்ன, ஐடஹோ மாநிலத்தின் சவுத் ஹில்ஸுக்கு வண்டியை விட்டோம். வறண்ட புதர்வெளிக்கு நடுவே தனித்து நிற்கும் மலை. சிவப்பு அணில் இங்கே வந்து சேரவேயில்லை. அதே லாட்ஜ்போல் பைன்தான். ஆனால் அணில் உள்ள காடுகளில் மூடிய கூம்பு மரம் பாதிக்கும் கீழே என்றால், இங்கே பத்துக்கு ஒன்பதுக்கு மேல்! சாம்பல் பூத்த பழைய கூம்புகள் கிளையெங்கும் ஒட்டியிருந்தன.

அணில் இல்லாத இடத்தில் விதைக்கு வேறு ஆள் இருக்கிறது: அலகு நுனிகள் ஒன்றை ஒன்று குறுக்கே தாண்டும் கிராஸ்பில் குருவி. இது நுனிப் பக்கச் செதில்களைப் பிளந்து தின்னும். மரம் அந்த இடத்தையே தடிப்பாக்கிக்கொண்டது. தொட்டுப் பார்த்தேன், நகம் இறங்கவில்லை. குருவியின் அலகும் அதற்கேற்பப் பெருத்துவிட்டது. ஆய்வாளர் கிரெய்க் பெங்க்மன் இதைப் பல வருடம் துருவித் துருவிப் பார்த்தவர். 2017-இல் இந்தக் குருவிக்குக் காசியா கிராஸ்பில் என்று தனி இனத் தகுதியே கொடுத்துவிட்டார்கள். ஒரு ஆண் குருவி, செங்கல் நிறம், தலைகீழாகத் தொங்கியபடி ஒரு கூம்போடு மல்லுக்கட்டியதைப் பார்த்தோம். நண்பன் அதற்குப் பிறகு மொட்டைக் கட்டை பற்றிப் பேசவில்லை.

2020-இல் இங்கேயும் பெரிய தீ. பைனுக்கு அது விதைக்கிற காலம். குருவிக்கோ முற்றிய கூம்பு வேண்டும், முளைத்த கன்று அந்த வயதுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். மிஞ்சிய பழைய காட்டில்தான் இப்போது அதன் பிழைப்பு.

போகிறவர்கள் ஜூலைக்கு மேல் போங்கள். ட்வின் ஃபால்ஸ் ஊரிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே பங்க் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.