விட்டியர் சாலையில் ஒரு சனிக்கிழமை

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மெக்சிகோ வம்சாவளிப் பாட்டியின் வீட்டுப் பின்கட்டில் 6 வருஷமாகக் குடியிருக்கிறேன். நான் அவரை 'டோன்யா' என்று கூப்பிடுவேன். இங்கே வயதான பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது. அவருக்கு நான் 'மிஹா', அதாவது மகளே.

ஒவ்வொரு ஆகஸ்ட் 29ஆம் தேதியும் விடிவதற்குள் அவர் அடுப்பில் பீன்ஸ் வேகும். அதை மசித்து, கோதுமை டார்ட்டியாவில் வைத்துச் சுருட்டி, அலுமினியத் தாளில் பொட்டலம் கட்டுவார். பிறகு இருவரும் பேருந்து ஏறி சலசார் பூங்காவுக்குப் போய், மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். முதல் வருஷம் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டேன். கேட்ட பிறகுதான் சொன்னார்.

1970இல் அந்தப் பூங்காவின் பெயர் லகூனா பூங்கா. அவருக்கு அப்போது 17 வயது. அண்ணன் வியட்நாமில் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சனிக்கிழமை பெல்வெடெர் பூங்காவில் கூடி, விட்டியர் சாலை வழியாக நடந்தார்கள். 20,000 பேருக்கு மேல். சிக்கானோ என்று தங்களை அழைத்துக்கொண்ட மெக்சிகோ அமெரிக்கர்கள் அதுவரை இவ்வளவு பெரிய கூட்டமாகப் போரை எதிர்த்துத் தெருவில் இறங்கியதில்லை. "ராசா சீ, கெர்ரா நோ" என்பது முழக்கம்: எங்கள் மக்கள் வேண்டும், போர் வேண்டாம். திருவிழாவுக்குப் போவது போலக் கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்களாம். டோன்யாவின் அம்மா கட்டிக் கொடுத்தது 12 பொட்டலம்.

அந்தக் கூட்டம் திடீரென்று சேர்ந்ததல்ல. ரொசாலியோ முன்யோஸ் என்ற இளைஞர், பல்கலைக்கழக மாணவர் தலைவராக இருந்தவர், 1969 செப்டம்பர் 16 அன்று, மெக்சிகோவின் சுதந்திர தினத்தில், படையில் சேர மாட்டேன் என்று அறிவித்தார். அந்த டிசம்பரில் ஒரு ஊர்வலம், பிப்ரவரியில் கொட்டும் மழையில் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் கூட்டம் பெருத்தது.

ஆகஸ்ட் ஊர்வலம் பூங்காவை எட்டி, மேடையில் பாட்டும் நடனமும் நடந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு மதுக்கடையில் ஏதோ தகராறு என்று ஷெரிஃபின் காவலர்கள் வந்தார்கள். அப்புறம் தடிகளோடு பூங்காவுக்குள்ளேயே புகுந்து, கண்ணீர்ப்புகை வீசினார்கள். டோன்யாவுக்கு இன்றும் கண்ணில் நிற்பது புல்தரை. நசுங்கிய பொட்டலங்கள், பிதுங்கி வழிந்த பீன்ஸ், ஒற்றைச் செருப்புகள். யாரோ ஒரு வீட்டுக்காரர் தோட்டத்துக் குழாயைத் திறந்து, ஓடி வந்தவர்களின் கண்ணைக் கழுவிவிட்டாராம்.

அன்றைய சம்பவங்களில் மூன்று உயிர் போனது. ஒருவர் ரூபன் சலசார். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்தியாளர், கேஎம்இஎக்ஸ் தொலைக்காட்சியின் செய்தி இயக்குநர், 42 வயது. வியட்நாம் போய்ச் செய்தி எழுதித் திரும்பி வந்தவர். விட்டியர் சாலையில் சில்வர் டாலர் என்ற மதுவிடுதிக்குள் உட்கார்ந்திருந்தபோது, வாசல் திரை வழியாக ஒரு காவலர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பாய்ந்தது. சுவரையே துளைக்கக்கூடிய வகைக் குண்டு அது. விசாரணை நடந்தது, ஆனால் யார் மீதும் குற்ற வழக்குத் தொடரவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. பூங்காவுக்கு அவர் பெயரை வைத்தார்கள், சரி. அது நியாயம் ஆகிவிடுமா?

வெள்ளையரல்லாத மக்களின் போர் எதிர்ப்பு என்றாலே எல்லோரும் அன்றைய புகையையும் எரிந்த கடைகளையும்தான் காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், அதன் உயிர் ஒரு மேஜையில் இருந்தது. ரால்ஃப் குஸ்மான் என்ற அரசியல் அறிஞர் அந்த மேஜையில் உட்கார்ந்து எண்ணினார். ராணுவக் கணக்கில் மெக்சிகோ அமெரிக்கர்களுக்குத் தனிக் கட்டம் இல்லை, வெள்ளையரோடு சேர்த்து எழுதிவிடுவார்கள். அதனால் இறந்தவர் பட்டியலை எடுத்து, ஸ்பானியக் குடும்பப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். தென்மேற்கின் 5 மாநிலங்களில் அவர்களின் மக்கள்தொகை சுமார் 12 சதவீதம். அங்கிருந்து போய் இறந்தவர்களில் சுமார் 19 சதவீதம். பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் அடி, நல்ல வேலைக்குக் கதவு அடைப்பு, கட்டாயப் படைச்சேர்ப்புக்கு மட்டும் முதல் அழைப்பு. வீடு வீடாகத் தெரிந்திருந்த சங்கதிதான் இது. கையில் எண் வந்த பிறகு மேடையில் உரக்கச் சொல்ல முடிந்தது.

கறுப்பின மக்கள் இதை நாலு வருஷம் முன்பே சொல்லியிருந்தார்கள். 1966 ஜனவரி 3 அன்று, அலபாமாவின் டஸ்கீகியில், கடற்படையில் சேவை செய்து திரும்பிய சாமி யங் என்ற மாணவரைச் சுட்டுக் கொன்றார்கள். பெட்ரோல் பங்கில் வெள்ளையர் கழிப்பறையைப் பயன்படுத்தப் போனதுதான் காரணம். 3 நாளில் அவர் சார்ந்திருந்த மாணவர் அமைப்பு வியட்நாம் போரைக் கண்டித்து அறிக்கை விட்டது.

போன ஆகஸ்டில் மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்தபடி குஸ்மானின் கணக்கை டோன்யாவிடம் சொன்னேன். அவர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறார், ஆனால் எந்த வருஷங்களுக்கானது என்று தெரியாது.

"இரண்டு தடவை எண்ணியிருக்கிறார், டோன்யா. இரண்டாவது 1967 டிசம்பரிலிருந்து 1969 மார்ச் வரைக்கும்."

கையிலிருந்ததை மடியில் வைத்தார். விரலை மடக்கி மாதங்களை எண்ணினார்.

"அப்படின்னா அந்தக் கணக்கில் எங்க அண்ணனும் இருக்கான், மிஹா."