ஒரு நேரம் எடுக்குது, ஒரு நேரம் எடுக்க மாட்டேங்குது: மினி டிராக்டர் நாட்குறிப்பு

மார்ச் 3

இன்னைக்கும் அதே கூத்துதான். காலைல சாவியைத் திருப்பின உடனே பிடிச்சுக்கிச்சு, மண்ணைக் கிளறுற ரோட்டவேட்டரை மாட்டி ரொம்ப நேரம் ஓட்டிட்டு பிளேடுல சுத்தின கொடியை அறுத்து எடுக்கலாம்னு ஆஃப் பண்ணேன், திரும்ப ஏறி கிளட்சை மிதிச்சு சாவியைத் திருப்புறேன், டேஷ்போர்டுல லைட்டெல்லாம் எரியுது ஆனா செல்ஃப், அதான் இன்ஜினைச் சுத்தி விடுற மோட்டார், பேச்சு மூச்சில்ல. விட்டு விட்டுத் திருப்பிப் பார்த்தேன், திடீர்னு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆயிடுச்சு.

முழுசா செத்துப்போன வண்டியை சரி பண்றது சுலபம், எங்க கரண்ட் நிக்குதுன்னு ஒவ்வொரு இடமா பார்த்தா தெரிஞ்சிரும். இது அப்படியில்ல, மீட்டரை எடுத்துட்டு வந்தா நல்ல பிள்ளையா எடுக்குது, மீட்டரை உள்ள வச்சா மறுபடி மக்கர்.

மார்ச் 4

பார்த்தவங்க எல்லாரும் பேட்டரியை மாத்துங்கிறாங்க. மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பார்ப்போம்னு உட்கார்ந்தேன். ராத்திரி முழுக்க சும்மா நின்ன பேட்டரி 12.6 வோல்ட் காட்டுது, அது ஃபுல் சார்ஜ். 12.2-க்கு வந்தா பாதிதான் இருக்குன்னு அர்த்தம், 12-க்கும் கீழ போனா ஏறக்குறைய காலி. வெறும் வோல்ட்டை நம்பக்கூடாதுன்னு தம்பியை செல்ஃப் அடிக்கச் சொல்லி பேட்டரி டெர்மினல்லயே மீட்டரை வச்சுப் பார்த்தேன், 10.7-க்குக் கீழ இறங்கல. 9.6-க்குக் கீழ போனாத்தான் பேட்டரி மேல சந்தேகப்படணும். இன்ஜின் ஓடும்போது 14.2, அப்ப ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணுது. பேட்டரி நிரபராதி.

ஆனாலும் டெர்மினலைக் கழட்டி சுரண்டி, எர்த் கேபிள் சேசிஸ்ல உட்கார்ற இடத்துல பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு பளபளன்னு ஆக்கி இறுக்கினேன். இதை எப்படியும் செய்யணும், பல டிராக்டர்ல பிரச்சினையே இதோட முடிஞ்சிரும். என்னோடது முடியல, சாயங்காலமே மறுபடி அடம்.

மார்ச் 6

மெக்கானிக் அண்ணன்கிட்ட போன்ல சொன்னேன். "சத்தம் வருதா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல"ன்னாரு. அவர் சொன்னதை எழுதி வச்சுக்கிறேன்.

டக் டக் டக்னு வேகமா அடிச்சா பேட்டரி வீக், இல்ல பெரிய கேபிள்ல, எர்த்துல லூஸ். செல்ஃப் மேல இருக்கிற மின்காந்த சுவிட்ச்தான் சொலினாய்டு, அதுக்குள்ள ரெண்டு கம்பிச் சுத்து இருக்கு, ஒண்ணு பிளஞ்சர்ங்கிற இரும்புத் தண்டை இழுக்க, இன்னொண்ணு இழுத்ததைப் பிடிச்சு வைக்க. உள்ள இருக்கிற செம்பு கான்டாக்ட் சேர்ந்த உடனே இழுக்கிற சுத்துல கரண்ட் நின்னுரும், பிடிக்கிறது மட்டும்தான் மிச்சம். அந்த நேரம் மோட்டார் இழுக்கிற இழுப்புல வோல்ட் படுத்துட்டா பிடி விட்டுப்போகும், விட்டதும் வோல்ட் ஏறும், மறுபடி இழுக்கும், அதான் அந்த டக் டக்.

ஒரே ஒரு "டொக்"னு பலமா கேட்டு மோட்டார் சுத்தலன்னா, பிளஞ்சர் வந்துருச்சு ஆனா செம்பு கான்டாக்ட் தேஞ்சு கருகிப்போச்சு, இல்ல மோட்டாருக்குள்ள கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தீர்ந்துருச்சு. சத்தமே இல்லன்னா செல்ஃபுக்கு ஆர்டரே போய்ச் சேரல, சாவி, கிளட்ச் மிதிச்சாத்தான் கரண்டை விடுற கிளட்ச் சுவிட்ச், கியர்ல இல்லாதப்ப மட்டும் விடுற நியூட்ரல் சுவிட்ச், ரோட்டவேட்டரைச் சுத்துற பிடிஓ தண்டோட சுவிட்ச், ஒயரை இணைக்கிற கப்ளர், இதுல எங்கயோ.

நம்மளோடது சத்தமில்லாத ஜாதி. காதை நல்லா கிட்ட வச்சா மட்டும் ஏதோ லேசா முனகுற மாதிரி இருக்கு.

மார்ச் 7

பக்கத்துல டிராக்டர் வச்சிருக்கிற ஒருத்தர் வந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து செல்ஃப்ல ரெண்டு போல்ட்டையும் தொட்டுக் காட்டினா எடுத்துருமேன்னாரு. எடுக்கும், யார் இல்லன்னா? கியர்ல இருந்தா நம்ம மேலயே ஏறியும் போகும். அப்படித் தொடும்போது நியூட்ரல் சுவிட்சு, கிளட்ச் சுவிட்சு எதுவும் கேள்வி கேட்காது, நாம நிக்கிறதோ பின் சக்கரத்துக்குப் பக்கத்துல. இப்படி உயிர் போனவங்க எத்தனையோ பேர் உலகம் பூரா இருக்காங்க, அதனாலதான் நிறைய புது டிராக்டர்ல அந்த இடத்துக்கு மூடியே போட்டு வர்றாங்க. நான் வேணாம்னுட்டேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மார்ச் 9

வண்டி மக்கர் பண்ற நேரத்துல நான் மீட்டரோட தயாரா இருக்க முடியல, சரி, மீட்டர் வேலையை ஒரு பல்பு பார்க்கட்டும். செல்ஃப் சொலினாய்டுல சாவியில இருந்து வர்ற சின்ன ஒயர் இருக்கும்ல, அந்த டெர்மினல்ல ஒரு ஒயர், கூடவே சின்ன பியூஸ், நேரா டேஷ்போர்டு பக்கம் இழுத்து ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு, பல்போட இன்னொரு முனை எர்த்துக்கு. சீட்ல உட்கார்ந்தபடியே தெரியும். சாவி திருப்பும்போது பல்பு எரியலன்னா ஆர்டர் வரல, பளிச்சுன்னு எரிஞ்சும் செல்ஃப் சுத்தலன்னா குத்தம் செல்ஃப்ல. இனிமே அது எங்க வேணா மக்கர் பண்ணட்டும்.

மார்ச் 11

மாட்டிக்கிச்சு! ஆனா நான் எதிர்பார்த்த ரெண்டுல ஒண்ணும் இல்ல. பல்பு எரியுது, ஆனா மங்கலா, பழுப்பா. அப்ப கரண்ட் வருது ஆனா முழுசா வரல.

இன்ஜினைக் குளிர விடாம அங்கயே வேலையை ஆரம்பிச்சேன். நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, முன்னும் பின்னும் கட்டை வச்சு, டீசல் கட் ஆஃப் லிவரையும் இழுத்து விட்டாச்சு. தம்பி சீட்ல, நான் மீட்டரோட. பேட்டரி 12.3, சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லிட்டு சொலினாய்டுல பார்த்தா 8.0. நாலு வோல்ட்டுக்கு மேல வழியில காணாமப் போகுது!

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும், சொலினாய்டு ஒயரைக் கழட்டிட்டு அளந்தா அதே ஒயர்ல 12 வோல்ட் ஜம்முன்னு காட்டும். மீட்டர் இழுக்கிற கரண்ட் ஒண்ணுமேயில்ல, அதுக்கு ஒரு இழை ஒயர் ஒட்டிட்டிருந்தாலே போதும். சொலினாய்டோ இழுக்கிற நொடியில 30, 40 ஆம்பியர் கூடக் கேட்கும், அப்பதான் வழியில எங்க அடைப்புன்னு தெரியும். அதனால எல்லாத்தையும் மாட்டி வச்சு, சாவியைத் திருப்பிப் பிடிச்ச நிலையிலதான் அளக்கணும், அதுவும் நீண்ட நேரம் பிடிக்காம விட்டு விட்டு, இல்லன்னா சுத்து சூடாகும்.

மீட்டரோட சிவப்பு முனை ஒரு பக்கம், கருப்பு மறு பக்கம்னு ஒவ்வொரு துண்டா வச்சுப் பார்த்தோம். பேட்டரில இருந்து சாவி வரைக்கும் 0.4, சாவி சுவிட்சுக்குக் குறுக்க 0.5, கிளட்ச் சுவிட்சுக்குக் குறுக்க வச்சதும் 2.9! மீதி ஒயர், நியூட்ரல் சுவிட்ச் எல்லாம் சேர்த்து 0.5. கூட்டிப் பார்த்தா கணக்கு சரியா வருது. தம்பி பெடலை இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிச்சதும் 2.9 அப்படியே 1.1-க்கு வந்துச்சு, செல்ஃபும் சுத்திருச்சு. விட்டு விட்டுத் திருப்பினா எடுக்கிற மாயம் இதுதான்.

மார்ச் 12

கிளட்ச் சுவிட்சைக் கழட்டினேன். கப்ளரைப் பிரிச்சா ஒரு பின் முழுக்க பச்சைக் களிம்பு, வண்டி கழுவுற தண்ணி நேரா அங்கதான் போய் நிக்குது போல. சுவிட்சு ஒட்டு வச்ச பிளாஸ்டிக் டப்பா, கத்தி வச்சு நெம்பித் திறந்தேன். உள்ள ரெண்டு சின்ன செம்புத் தகடு, ஒண்ணுல அம்மைத் தழும்பு மாதிரி கருகின குழி, அதைச் சுத்தி கரி. பெடலை மிதிக்கிற விதத்துக்கு ஏத்தாப்புல தகடு ஒரு தரம் குழியில உட்காருது, ஒரு தரம் ஓரத்துல நல்ல இடத்துல உட்காருது.

சூடானப்புறம் மட்டும் ஏன்னு நேத்து ராத்திரி யோசிச்சுட்டே படுத்திருந்தேன். செம்பு 10 டிகிரி சூடு ஏறினா அதோட ரெசிஸ்டன்ஸ் சுமார் 4 சதவீதம் ஏறும். சொலினாய்டு உட்கார்ந்திருக்கிறது இன்ஜின் பிளாக்கை ஒட்டி, காலைல இருந்ததைவிட 60 டிகிரி கூடினா கிட்டத்தட்ட கால்வாசி கூடிரும், கரண்ட் குறையும், காந்தம் பலம் குறையும். குளிர்ல இருக்கும்போது குறைஞ்ச வோல்ட்லயும் எப்படியோ இழுத்துருது, சூட்டுல அதே வோல்ட் பத்தல. அந்த லேசான முனகலும் இழுக்க முடியாம பிளஞ்சர் தவிச்சதுதான்.

மார்ச் 14

புது சுவிட்ச் மாட்டி, கப்ளர்ல களிம்பெல்லாம் சுரண்டி, பின்னை லேசா நெருக்கி, கிரீஸ் வச்சு மூடியாச்சு. இதோட விட்டிருக்கலாம், ஆனா அந்தக் குட்டித் தகடு வழியா 30 ஆம்பியரை அனுப்பினா புதுசும் ஒருநாள் கருகும். அதனால ஒரு ரிலே, அதான் சின்ன கரண்டை வச்சுப் பெரிய கரண்டைத் திறந்து விடுற சுவிட்ச், போட்டேன். சாதாரண நாலு கால் 40 ஆம்பியர் ரிலே. 30-ம் நம்பர் காலுக்கு பேட்டரில இருந்து தடிமனான ஒயர், பேட்டரி பக்கத்துலயே பியூஸ், 87-ல இருந்து நேரா சொலினாய்டு, 85 எர்த், 86-க்கு இதுவரைக்கும் சொலினாய்டுக்குப் போயிட்டிருந்த பழைய ஒயர். இப்ப சாவியும் கிளட்ச் சுவிட்சும் நியூட்ரல் சுவிட்சும் சுமக்கிறது ரிலே சுருளோட கரண்ட்டை மட்டும்தான், கால் ஆம்பியர்கூட வராது. பாதுகாப்பு சுவிட்சு எதையும் நான் தாண்டி விடல, எல்லாம் அதே வரிசையில இருக்கு, கிளட்ச் மிதிக்காம திருப்பினா இப்பவும் எடுக்காது, கியர்ல போட்டுத் திருப்பியும் பார்த்துட்டேன்.

சிலர் அந்த சுவிட்சுகளைத் தாண்டி ஒயரை நேரா ஒட்டுப் போட்டு விட்டுருவாங்க, வேலை சுலபம்தான், அப்புறம் வீட்ல ஒரு குழந்தை ஏறி சாவியைத் திருப்பினா யார் பொறுப்பு?

மார்ச் 22

நல்ல வெயில்ல ஓட்டி, வேணும்னே நடுவுல நிறுத்தி நிறுத்தி எடுத்துப் பார்த்தாச்சு, பல்பு ஒவ்வொரு தடவையும் பளிச். ரிலே வந்தப்புறம் செல்ஃப் பிடிக்கிற சத்தமே மாறிப்போச்சு, "டப்"னு ஒரே அடி. சூட்டுல பேட்டரிக்கும் சொலினாய்டுக்கும் நடுவுல இழப்பு இப்ப அரை வோல்ட்தான்.

ஸ்க்ரூடிரைவர் யோசனை சொன்னவர் இன்னைக்கு வந்திருந்தாரு. அவர் டிராக்டர் செல்ஃப் நல்லா சுத்துதாம், ஆனா இன்ஜின் பிடிக்கல, செல்ஃபைக் கழட்டிக் கொடுத்துடலாமான்னாரு. சுத்துதுன்னா செல்ஃப் மேல என்ன பழி? அவரோடது சாவில ஆஃப் ஆகுற வண்டி, டீசலை வெட்டுற சொலினாய்டு சாவி போட்டதும் "கிளிக்"னு கேட்குதான்னு பாருங்க, கேட்கலன்னா முதல்ல அதோட பியூஸ், கேட்டுச்சுன்னா டீசல் ஃபில்டர்ல காத்து இருக்கான்னு பார்க்கலாம்னு சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலைல மீட்டரைத் தூக்கிட்டு அங்க போகணும்.