செம்பாவின் பெட்டிக்குள் கட்டையும் செடியும்

செம்பா நான் வளர்க்கும் பாம்பு, கார்ன் ஸ்நேக் இனம். நாலடி நீளம், ஆரஞ்சு உடம்பில் கறுப்பு விளிம்பு கட்டிய செந்திட்டுகள். நம்மூர்ச் சாரையின் குடும்பம்தான், விஷம் கிடையாது. சாரையைப் பிடித்து வீட்டில் வைத்தால் இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நான் இருக்கும் இங்கிலாந்தில் கார்ன் ஸ்நேக் வளர்க்க உரிமம் தேவையில்லை.

பாம்பு வளர்க்கும் பெட்டிக்குள் வைக்க என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது கார்க் பட்டை. செடியெல்லாம் அப்புறம். போர்ச்சுகலில் கார்க் ஓக் மரத்தை வெட்டாமல் 9 ஆண்டுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்தெடுக்கிறார்கள். கனமே இருக்காது, ஈரத்திலும் லேசில் மக்காது. குழாயாகவே உருண்டு வரும் துண்டைத் தேடி வாங்குங்கள். சுருண்டு கிடக்கும்போது உடம்பு நாலு பக்கமும் சுவரில் உரச வேண்டும். அப்போதுதான் பாம்புக்குப் பயம் தெளியும். அகலக் குகை பார்வைக்கு நன்றாக இருக்கும், செம்பா அதில் தங்கியதே இல்லை.

கட்டையின் அருமை சட்டை உரிக்கும்போது தெரியும். கண் நீலம் கலந்த வெண்மையாக மங்கி, சில நாளில் திரும்பத் தெளியும். அதற்கப்புறம் மூக்கு நுனியைக் கார்க்கின் சொரசொரப்பில் தேய்த்துக்கொண்டே இருப்பாள். உதட்டோரம் சட்டை கிழிந்ததும் இரண்டு கிளைகளுக்கு நடுவே புகுந்து மெல்ல நகர்வாள். கழற்றிப் போட்ட காலுறை போல உட்புறம் வெளியே திரும்பி, கண்ணை மூடியிருந்த செதில் உட்பட, முழுச்சட்டையும் கட்டையிலேயே தொங்கும். வழுவழுப்பான பிளாஸ்டிக் கிளையில் இந்தப் பிடி கிடைக்காது.

சீடர் கட்டையும் உலராத பைன் கட்டையும் வேண்டவே வேண்டாம். அவற்றின் வாசனை எண்ணெய் மூடிய பெட்டிக்குள் பாம்பின் மூச்சைக் கெடுக்கும். திராட்சைக் கொடிக் கட்டை வளைந்து நெளிந்து அழகாக இருக்கும், ஆனால் ஈரம் பட்டால் பூசணம் பூக்கும். கனமான கட்டையை மண்ணின் மேல் வைக்காதீர்கள். அடித்தட்டில் உறுதியாக நிறுத்திவிட்டு, பிறகு மண்ணைக் கொட்டுங்கள். கார்ன் ஸ்நேக் மண்ணைக் குடைந்து அடியில் போகும். கட்டை சரிந்தால் பாம்பு நசுங்கிவிடும்.

செடியில் நான் நம்புவது மணி பிளாண்ட், மருள், ஸ்பைடர் பிளாண்ட். மெல்லிய தண்டுள்ள எதுவும் செம்பாவின் எடைக்குத் தாங்காது. நர்சரியில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். வேரோடு அலசி, பழைய மண்ணையும் அதில் கலந்திருக்கும் பெர்லைட் என்ற வெள்ளைக் குருணையையும் உதிர்த்துவிட்டு, சில வாரம் தனித்தொட்டியில் வைத்த பிறகுதான் உள்ளே கொண்டுபோக வேண்டும். உரம் கலக்காத மண், மணல், தேங்காய் நார்த்தூள், இவை போதும். அதில் ஸ்பிரிங்டெயில், ஐசோபாட் என்ற மண்ணில் வாழும் சின்னஞ்சிறு உயிர்களை விட்டால் பூசணத்தையும் மிச்சம்மீதிக் கழிவையும் தின்றுவிடும். பெரிய எச்சத்தை நாம்தான் எடுக்க வேண்டும்.

சூடான பக்கம் 30 டிகிரி, குளிர்ந்த பக்கம் 24; வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் சூடேற்றும் விளக்கைப் போடாதீர்கள். செடிகளைக் குளிர்ந்த பக்கம் நட்டு, ஒரு மாதமாவது வேர்பிடிக்க விட்டுப் பாம்பை விடுங்கள். அப்படியும் மணி பிளாண்டை அவ்வப்போது ஒடிப்பாள். ஒடிந்த தண்டைக் கணுவோடு தண்ணீரில் போட்டால் வேர் விடும். அதையே திரும்ப நட்டுவிடுவேன்.