எக்ஸ்கவேட்டருக்கு மரம் வெட்டும் ஷியர்: எடையிலிருந்து தொடங்குங்கள்

ஷியர் என்பது எக்ஸ்கவேட்டரில் பக்கெட்டுக்குப் பதிலாக மாட்டும், ஆயில் அழுத்தத்தில் மரத்தை வெட்டும் கத்தி. அதை விற்பவர்களின் விவரத்தாளில் முதல் வரியில் இருப்பது வெட்டும் விட்டம்தான். 25 செ.மீ, 35 செ.மீ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். வாங்குபவரும் அதையே முதலில் கேட்கிறார். கத்தி அடிமரத்தை வெட்டி முடிக்கச் சில நொடிகள் போதும். வெட்டுப்பட்ட மறுகணம், அதுவரை வேர் தாங்கிக்கொண்டிருந்த மொத்த எடையும் பூமின் (மெஷினின் நீண்ட கையின்) நுனிக்கு வந்து சேர்கிறது. மரத்தைப் பிடித்து நிறுத்தி, பக்குவமாகப் படுக்க வைக்கும் சக்தி மெஷினுக்கு உண்டா என்பதை வைத்துத்தான் ஷியரின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிவிட்டம் 30 செ.மீ, உயரம் 12 மீட்டர் உள்ள ஒரு பச்சை மரம். அடியின் பரப்பு 0.07 சதுர மீட்டர். 12 மீட்டரால் பெருக்கினால் 0.85 கன மீட்டர். மரம் மேலே போகப் போக மெலிவதால் அதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம், 0.42. ஈரமுள்ள கடின மரம் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 கிலோ இருக்கும் என்று வைத்தால் தண்டு மட்டும் 420 கிலோ. கிளை, இலைக்கு இன்னும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை சேர்த்தால் 600 கிலோவைத் தொடும். இப்போது 40 செ.மீ, 16 மீட்டர் மரத்துக்கு அதே கணக்கு: தண்டு 1,000 கிலோ, கிளையோடு 1,400. விட்டமும் உயரமும் மூன்றில் ஒரு பங்குதான் கூடின. எடை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது.

அடுத்து மெஷினின் தூக்கும் அட்டவணையை எடுங்கள். அதில் ஒவ்வொரு தூரத்துக்கும் உயரத்துக்கும் இரண்டு எண்கள் இருக்கும்: டிராக்கின் (மெஷின் ஓடும் சங்கிலிப் பட்டையின்) நீளவாட்டில் தூக்கினால் ஒன்று, பக்கவாட்டில் தூக்கினால் இன்னொன்று. பக்கவாட்டு எண் சிறியது. அதைத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் மரத்தைச் சுழற்றிக் குவியலில் போடும்போது பாதி நேரம் பூம் பக்கவாட்டில்தான் இருக்கும். அந்த எண்களே ஐஎஸ்ஓ 10567 தரப்படி, மெஷின் கவிழும் எடையில் 75 சதவீதம், ஹைட்ராலிக் சக்தியில் 87 சதவீதம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதை வைத்துப் போட்டவை. உதாரணத்துக்கு, 6 மீட்டர் தூரத்தில் பக்கவாட்டு எண் 2,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஷியர் 750, அதை ஆர்மில் மாட்டும் குயிக் கப்ளர் 150 போக மீதம் 1,200 கிலோ. 30 செ.மீ மரம் தாராளமாக வரும். 40 செ.மீ மரம் வரவே வராது, கத்தி அதை வெட்டினாலும் கூட. அட்டவணை எண்கள் பக்கெட்டோடு போட்டவையா, பக்கெட் இல்லாமலா என்பது அதன் அடிக்குறிப்பில் இருக்கும். அதைப் படிக்காமல் கழித்தால் கணக்கு தப்பும்.

இன்னொரு விஷயத்தை அட்டவணை சொல்லாது. அது கொக்கியில் தொங்கும் எடைக்கானது. ஷியர் பிடிக்கும் மரமோ மேல்நோக்கி நிற்கிறது. 1,400 கிலோ மரத்தின் எடை மையம் பிடியிலிருந்து ஒன்றரை மீட்டர் விலகிச் சாய்ந்திருந்தால், ஷியரை ஆர்மோடு இணைக்கும் பின்னிலும் (pin) தலையைச் சாய்க்கும் டில்ட் பகுதியிலும் விழும் முறுக்கு 2,100 கிலோ-மீட்டர். காற்று தலைக்கட்டில் மோதினால் இன்னும் கூடும். அதனால் அட்டவணைப்படி மீதமாகும் எடையில் பாதிக்கு மேல் உள்ள மரத்தை முழு உயரத்தோடு பிடிக்காமல் இருப்பதே நல்லது. பெரிய மரமென்றால் மேலிருந்து துண்டு துண்டாக இறக்க வேண்டும். அதற்கு எட்டும் உயரமும் சுழலும் தலையும் உள்ள ஷியர் வேண்டும்.

எடை சரிப்பட்டால், அடுத்தது ஷியரை இயக்கும் ஹைட்ராலிக் ஆயில். பிரேக்கர் (பாறை உடைக்கும் கருவி) ஓட்டும் ஆயில் லைன் இருக்கிறதே, அதுவே போதும் என்று நினைத்து வாங்கிவிட்டுச் சிக்கிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. பிரேக்கர் லைன் ஒருவழி: ஒரு பக்கம் ஆயில் போகும், மறுபக்கம் நேராக டேங்குக்குத் திரும்பும். ஷியர் சிலிண்டருக்கு இருவழி வேண்டும், மூடவும் திறக்கவும். ஒருவழி, இருவழி என்று மாற்றும் செலக்டர் வால்வைப் பிரேக்கர் நிலையிலேயே விட்டுவிட்டால் கத்தி மரத்துக்குள் போகும், திரும்பி வராது. மரம் பாதி வெட்டுப்பட்ட நிலையில் கத்தி மாட்டிக்கொண்டால் யாரும் பக்கத்தில் போக முடியாது.

அழுத்தத்தையும் பாருங்கள். 120 மி.மீ உள்விட்டமுள்ள சிலிண்டர் 250 பாரில் 28.8 டன் தள்ளும். அதே லைனில் அழுத்தம் எல்லை மீறாமல் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு பிரேக்கருக்காக 180 பாரில் வைக்கப்பட்டிருந்தால் 20.8 டன்தான் கிடைக்கும். கத்தி மழுங்கிவிட்டது என்று பலர் புகார் சொல்லும்போது உண்மையில் குறை இங்கேதான் இருக்கும். ஷியரின் லைனில் கேஜ் மாட்டி, கத்தியை முழுக்க மூடிய நிலையில் பிடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆயிலின் அளவு வேகத்துக்கு. அந்தச் சிலிண்டர் 40 செ.மீ ஓட 4.5 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு 60 லிட்டர் வந்தால் நாலரை நொடி. ஷியர் தாங்குவதை விட அதிகமாகத் தள்ளினால் வேகம் கிடைக்கும்தான், கூடவே ஆயில் சூடேறி சீல்கள் கெட்டுப்போகும். பம்ப் கொடுக்கும் அளவைக் கன்ட்ரோலரில் குறைத்து வையுங்கள்.

ஹோஸ்களை இணைக்கும் குயிக் கப்ளிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரிட்டர்ன் பக்கத்துக் கப்ளிங் முழுதாக உட்காராவிட்டால், உள்ளே இருக்கும் சின்ன வால்வு திறக்காது. கத்தி மூட ஆயில் போகிறது. சிலிண்டரின் ராடு (தள்ளும் தண்டு) பக்கத்து ஆயில் வெளியேற வழியில்லை. 120 மி.மீ சிலிண்டரில் 70 மி.மீ ராடு இருந்தால், அந்தப் பக்கத்தின் பரப்பு குறைவு என்பதால் அழுத்தம் ஒன்றரை மடங்காகும். 250 பார் உள்ளே போனால் அடைபட்ட பக்கத்தில் 380 பார். கத்தி அசையாது. ஆயில் போதவில்லை என்று நினைத்து ஆபரேட்டர் ஆர்பிஎம் ஏற்றுவார். அழுத்தம் ரிலீஃப் வால்வு விடும் எல்லையிலேயே நின்றுகொண்டிருக்கும், கடைசியில் ராடு சீலோ ஹோஸ் முனையோ போகும். கத்தி அசையவில்லை என்றால் லீவரை விட்டுவிட்டு, எஞ்சினை நிறுத்தி, லைனில் நிற்கும் அழுத்தத்தை இறக்கிவிட்டு, இரண்டு கப்ளிங்கையும் கையால் தொட்டுச் சரிபாருங்கள். மாட்டும் முன் கப்ளிங்கின் முகத்தைத் துணியால் துடைப்பதும் அதே வேலையின் பகுதி. ஒரு சிட்டிகை மண் போதும், கப்ளிங் முழுதாக உட்காராமல் நிற்க.

பிடிக்கும் கை உள்ள ஷியரில் கை முதலில் இறுக வேண்டும், பிறகுதான் கத்தி நகர வேண்டும். இந்த வரிசையைப் பார்த்துக்கொள்வது சீக்வென்ஸ் வால்வு. அதன் செட்டிங் குறைந்துவிட்டால் கை இறுகும் முன்பே கத்தி பாயும். மரம் பிடியிலிருந்து நழுவும். கையின் சிலிண்டரில் ஆயிலைப் பூட்டி வைக்கும் வால்வு உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். அது இல்லையென்றால், ஹோஸ் வெடித்த நொடியில் பிடி திறந்து, நின்ற மரம் இஷ்டத்துக்கு விழும். அந்த வால்வு இல்லாத ஷியரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

நேராகப் பொருத்தும் தலை, சாயும் தலை, முழுக்கச் சுழலும் தலை என மூன்று வகை. புதரும் 15 செ.மீ வரையான மரங்களும் என்றால் நேரான தலை போதும். உறுதியானது, பழுது குறைவு. அதில் ஒன்றை மட்டும் ஆபரேட்டர் மனதில் பதிக்க வேண்டும்: வாய் வெளிப்பக்கம் பார்த்து மரத்தைப் பிடித்திருக்கும்போது, பக்கெட்டை உள்ளே மடக்கும் அசைவில் மரத்தின் உச்சி கேபினை விட்டு விலகிச் சாயும். திறக்கும் அசைவில் உச்சி கேபினை நோக்கி வரும். சுழலும் தலைக்கு இரண்டாவது லைன் வேண்டும், சில மாடல்களில் மோட்டார் கசிவைத் திருப்பும் மெல்லிய டிரெய்ன் ஹோஸும் வேண்டும். மெஷினில் அவை இல்லையென்றால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஷியர் நாரை நசுக்கித்தான் வெட்டும். அடிமரத்தில் வெட்டிலிருந்து மேலே விரிசல் ஓடும். கத்தி எவ்வளவு தடிமனோ விரிசல் அவ்வளவு நீளும். விறகு, சிப்ஸ், நிலம் திருத்துதல் என்றால் இது ஒரு பொருட்டே இல்லை. பலகை அறுக்க அடிமரம் வேண்டுமென்றால் செயின் ரம்பம் வைத்த தலையே சரி. அதே சமயம் மண், மரத்தில் பதிந்த ஆணி, கம்பி இவற்றையெல்லாம் ஷியர் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ரம்பம் பொறுக்காது. தரையை ஒட்டி வெட்டவும் ஷியர்தான் வசதி. விவரத்தாளின் விட்டம் பெரும்பாலும் மென்மரத்தை மனதில் வைத்துப் போட்டது. கருவேலம் போல வைரம் பாய்ந்த மரத்துக்கும் காய்ந்து நிற்கும் பட்ட மரத்துக்கும் 30 என்றிருப்பதை 22 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கத்தி திணறும்போது பூமால் ஆட்டி, முறுக்கி உள்ளே தள்ளுவதுதான் ஷியரைக் கொல்லும் பழக்கம். கத்தி வளையும், கத்தி சுழலும் பிவட் பின்னின் பக்கத்து வெல்டிங்கில் முடி போன்ற விரிசல் விழும். பழைய ஷியர் வாங்கினால் கிரீஸைத் துடைத்துவிட்டு அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். திணறினால் கத்தியைத் திறந்து, மரம் சாயும் பக்கத்தில் ஒரு கடி கடித்துவிட்டு எதிர்ப்பக்கம் வந்து முடிக்கலாம். முனையைத் தீட்டும்போது கிரைண்டரைச் சின்னச் சின்ன இழுப்பாக ஓட்டுங்கள். இரும்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது, அடுத்த நாளே மழுங்கும். போல்ட் போட்டு மாற்றக்கூடிய கத்தி என்றால் முதல் 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் டார்க் ரென்ச்சால் மறுபடி இறுக்க வேண்டும். பிவட்டுக்குத் தினமும் கிரீஸ்.

ஆர்டர் கொடுக்கும் முன் அளக்க வேண்டியவை மூன்று: பின்னின் விட்டம், ஆர்ம் நுனியின் அகலம், இரண்டு பின்களின் மையத்துக்கு மையம் உள்ள தூரம். பின் உட்காரும் ஓட்டையின் உள்வளையமான புஷ் தேய்ந்திருந்தால் ஓட்டை பெரிதாகக் காட்டும். அதனால் பின்னின் தேயாத முனையை வெர்னியரால் அளந்து அனுப்புங்கள். கேபினுக்கு மேலே விழும் கிளையைத் தாங்கும் கூண்டும் முன்னால் பாலிகார்பனேட் தடுப்பும் இல்லாத மெஷினில் ஷியரை மாட்ட வேண்டாம். பணம் கொடுக்கும் முன் உங்கள் மெஷினிலேயே மாட்டச் சொல்லுங்கள். பக்கெட் சிலிண்டரை இரு கோடிக்கும் ஓட்டி ஹோஸ் இழுபடுகிறதா, மடிந்து நசுங்குகிறதா என்று கீழே நின்று ஒருவர் பார்க்கட்டும். பிறகு உங்கள் வேலையில் வரும் மரத்திலேயே பத்து வெட்டு வெட்டிக் காட்டச் சொல்லி, கேஜில் அழுத்தத்தையும் பத்தாவது வெட்டின் முடிவில் ஆயில் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.