நிமோனியா பத்து நாள்ல போயிருச்சு, பயம்தான் போவேனான்னுச்சு

ஆஸ்பத்திரியில இருந்த பத்து நாளப் பத்திப் பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஐப்பசி கடைசி மழையில சளி புடிச்சு, காய்ச்சல் 103க்குப் போயி, எக்ஸ்ரேல வலது பக்கம் கீழ வெள்ளையா தெரிஞ்சு, அட்மிட் பண்ணி, ஊசி, ட்ரிப்ஸ், மூணு நாள் ஆக்ஸிஜன். மருந்து கேட்டுச்சு, காய்ச்சல் விட்டுச்சு, வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிட்டாக. நான் எழுத வந்தது அதுக்கு அப்புறம் நடந்த கூத்த. டிஸ்சார்ஜ் அன்னைக்குக் கையில கொடுத்த காகிதத்துல ஒன்பது மருந்து பேரு இருந்துச்சு, எந்த மூச்சு வாங்கலுக்குப் பயப்படணும் எதுக்கு வேணாம்னு ஒரு வரி கூட இல்ல.

வீட்டுக்கு வந்த மூணாம் நாள் ராத்திரி ரெண்டரை மணி. படுத்தா இருமல், உக்காந்தா தூக்கம், தூங்குனா மூச்சு நின்னுருமோன்னு திடுக்குனு முழிப்பு. விரல்ல மாட்டுற ஆக்ஸிஜன் மெஷின் தலைமாட்டுலயே இருக்கும், எடுத்து மாட்டுனேன். 86. கழட்டி அடுத்த விரல்ல மாட்டுனேன். 84. அவ்வளவுதான், இவுகளத் தட்டி எழுப்பி, பக்கத்து வீட்டுத் தம்பி காரை எடுத்து, கொட்டுற மழையில மறுபடி அதே எமர்ஜென்சிக்கு. அங்க அவங்க மெஷின மாட்டுனா 97. இன்னொரு தடவ, அதே 97. ட்யூட்டில இருந்த சின்னப்பையன் டாக்டர் என் முகத்தைக் கூடப் பாக்காம "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்தான்"னுட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டாரு. பில்லு மட்டும் ஒண்ணுமில்லாம வரல.

என்ன நடந்துச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. எங்க வீடு பழைய வீடு, பட்டாசாலையத் (முன்கூடம்) தாண்டுனா வளவுல (உள்கட்டு) நடுவுல தெறந்த வாசல், மழைக்காலத்துல ராத்திரி பூரா அது வழியா குளிரு இறங்கும். என் விரலு ஐஸ்கட்டி மாதிரி இருந்துருக்கு. விரல் சில்லுன்னு இருந்தா அந்த மெஷின் கண்டபடி குறைச்சுக் காட்டும், நகப் பாலிஷ் இருந்தாலும் காட்டும், அதுக்கு மேல பேட்டரியும் தீந்து போற நிலைமையில இருந்துச்சு. இத ஒருத்தர் சொல்லியிருந்தா அந்த ராத்திரி மிச்சம்.

"டென்ஷன்தான்"னு சொன்னது தப்பு இல்ல, அது உண்மை. ஆனா டென்ஷனுக்கு என்ன செய்யணும்னு சொல்லாம "ஒண்ணுமில்ல"ன்னா, அடுத்த தடவ நிஜமாவே வந்தா இவங்க நம்ப மாட்டாகளேன்னு அதுக்கும் சேத்துப் பயம் வந்துருது.

அந்த மெஷின் வேற சாதாரண மெஷின் இல்ல எனக்கு. 2021 மே மாசம் அப்பச்சிக்கு, அதான் எங்க அப்பாவுக்கு, வாங்குனது. கொரோனா ரெண்டாவது அலையில ஊரு பூரா தேடி ரெண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கி, அதுல நம்பர் எறங்குறதப் பாத்துக்கிட்டே இருந்து, மதுரைக்குக் கொண்டு போயி, அப்பச்சி திரும்பி வரல. காரியம் எல்லாம் முடிஞ்சப்ப "வச்சுக்க, எதுக்காச்சும் ஆகும்"னு ஆத்தா என் பையில போட்டு விட்டுச்சு. அதே செவப்பு லைட்டு. எனக்கு வந்தது வேற நிமோனியான்னு தெரியும், கொரோனா டெஸ்ட்டும் இல்லன்னுதான் வந்துச்சு, ஆனா விரல்ல மாட்டுன உடனே மண்டைக்குள்ள அப்பச்சி நம்பர்தான் ஓடும். ஒரு நாளைக்கு நாப்பது அம்பது தடவ மாட்டுவேன். 96 வந்தா ஏன் 97 இல்லன்னு பயம், 98 வந்தா மெஷின் கெட்டுப்போச்சோன்னு பயம். சிரிக்காதீங்க.

விசாரிக்க வர்றவுகளப் பத்தியும் சொல்லிருறேன். நம்ம ஊருல ஒடம்பு சரியில்லன்னா வீடு தேடி வந்து பாக்குறது நல்ல பழக்கந்தான், ஆனா ஒரு ஆச்சி வந்து பட்டாசாலையில உக்காந்து, காப்பியக் குடிச்சுக்கிட்டே, "எங்க பெரியப்பச்சி மக இப்பிடித்தான் ஆஸ்பத்திரியில இருந்து நல்லபடியா வந்தா, பதினஞ்சாம் நாளு பாரு..."ன்னு ஆரம்பிச்சாக. இவுக குறுக்க வந்து பேச்ச மாத்துனாக. மாத்தி என்ன செய்ய, பதினஞ்சாம் நாளு வர்ற வரைக்கும் நான் நாள் எண்ணிக்கிட்டு இருந்தேன். நீங்க யாரையாச்சும் பாக்கப் போனா பழம் கொண்டு போங்க, கதை கொண்டு போகாதீங்க.

அடுத்த சோதனை மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த அந்த மூணு பந்து டப்பா. நர்ஸ் அதைக் கட்டில் மேல வச்சுட்டு "தெனம் செய்யுங்கம்மா"ன்னு போயிட்டாக. நானும் நாலு நாளா மாங்கு மாங்குன்னு ஊதுறேன், ஒரு பந்து அசையல. நுரையீரல் போச்சுன்னு அழுதேன், ரகசியமா, கொல்லைப் பக்கம் போயி. லீவுக்கு வந்த மகன் பாத்துட்டு, "ஆத்தா, ஊதக் கூடாது, உறிஞ்சணும்"னான். மெதுவா உறிஞ்சுனேன், மொதப் பந்து ஏறி நின்னுச்சு. அது செகண்டுக்கு 600 சிசி காத்து, ரெண்டாவது 900, மூணாவது 1200னு டப்பாவுலயே எழுதிருக்கு, எந்தப் பக்கமா இழுக்கணும்னு எழுதலியே. மூணாவது பந்து ஏற அஞ்சு வாரம் ஆச்சு, அன்னைக்கு வீட்ல கந்தரப்பம் சுட்டேன்.

அப்புறம் மதுரை. நெஞ்சு டாக்டர்கிட்ட காமிச்சுட்டு வந்தாத்தான் மனசு ஆறும்னு அப்பாயின்ட்மென்ட் வாங்கி, வெள்ளன காரைக்குடியில பஸ் ஏறி, ரெண்டு மணி நேரம் இருமிக்கிட்டே போயி, டோக்கன் போட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்து, உள்ள போனா டாக்டரம்மா கேட்ட மொதக் கேள்வி, "அட்மிட் ஆனப்ப எடுத்த எக்ஸ்ரே எங்க?" அது ஆஸ்பத்திரியிலயே இருக்கு. பழசோட ஒப்பிட்டுப் பாத்தாத்தான் குறையுதான்னு சொல்ல முடியும், அத எடுத்துக்கிட்டு வாங்கன்னுட்டாக. அன்னைக்குப் போனது தண்டம்.

படத்த வாங்கப் போனா ரெக்கார்டு செக்ஷன்ல ஆளு இல்ல, சாப்பாட்டுக்குப் போயிருக்காரு. மூணு மணிக்கு வந்தாரு. ஐபி நம்பர் (அட்மிட் ஆனப்ப போட்ட நம்பர்) சொல்லுங்கன்னாரு. அது இருக்க காகிதம் வீட்ல. மறுநாள் இவுக போனாக, "பேஷன்ட் கையெழுத்து வேணும்"னு திருப்பி அனுப்பிட்டாரு. மூணாவது நாள் நானே போனேன், மாடிப்படி ஏற முடியாம கீழ உக்காந்துக்கிட்டேன், கடைசில ஒரு சிடி கொடுத்தாக. எங்க வீட்ல எதுலயும் சிடி போடுற வழியே இல்ல! போட்டோ ஸ்டுடியோ வச்சுருக்க ஒரு தம்பி அத பென் டிரைவ்ல ஏத்திக் கொடுத்துச்சு. டிஸ்சார்ஜ் அன்னைக்கே கேட்டு வாங்கிருங்க: எக்ஸ்ரே படம், ரத்த ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி. மூணையும் போன்ல போட்டோ எடுத்து வீட்ல ரெண்டு பேருக்காவது அனுப்பி வச்சுருங்க. பில் கட்டுற அவசரத்துல மறந்துரும், நாங்க மறந்தோம்.

ரெண்டாவது தடவ மதுரை போனதுதான் திருப்பம். அந்த டாக்டரம்மா கேள்வி கேட்டாக, அதுதான் வித்தியாசம். "நெஞ்சு படபடன்னு அடிக்குதா?" ஆமா. "கை நடுங்குதா?" ஆமா. "எப்ப?" யோசிச்சு யோசிச்சு சொன்னேன், நெபுலைசர் (மருந்தப் புகை மாதிரி ஆக்கி மூச்சுல இழுக்குற மெஷின்) வச்ச கொஞ்ச நேரத்துல. "ஒரு நாளைக்கு எத்தனை தடவ வைக்கிறீங்க?" எழுதிக் கொடுத்தது ரெண்டு தடவ. நான் வச்சது அஞ்சாறு தடவ. மூச்சு வாங்குற மாதிரி இருந்தா உடனே வைப்பேன். அந்த மருந்துக்கே இதயத்த வேகமா அடிக்க வைக்கிற, கைய நடுங்க வைக்கிற குணம் உண்டாம். ஆக, பயந்து மருந்து வைக்கிறேன், மருந்து நெஞ்சப் படபடக்க வைக்குது, ஹார்ட் அட்டாக்குன்னு இன்னும் பயப்படுறேன், மறுபடி வைக்கிறேன். ஒரு மாசமா இந்தச் செக்க நானே சுத்திக்கிட்டு இருந்துருக்கேன். (எழுதுன அளவுக்கு மேல வைக்காதீங்க, அதுக்காகப் பயந்து நீங்களா நிறுத்தவும் செய்யாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க.)

இன்னொண்ணும் சொன்னாக. விரல் நுனி, வாயச் சுத்தி மரத்துப் போறது, தலை சுத்துறது, இதெல்லாம் மூச்சு பத்தாம வர்றது மட்டும் இல்ல, பயத்துல வேக வேகமா மூச்சு இழுத்தாலும் வரும், ஒடம்புல இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல வெளிய போயிருதாம். அப்ப இன்னும் இழுக்கக் கூடாது, மெதுவா விடணும். உதட்டக் குவிச்சு, இழுத்ததப் போல ரெண்டு மடங்கு நேரம் விடணும்னாக. எனக்கு உடனே எங்க ஆயா (பாட்டி) ஞாபகம். வெறகடுப்புல ஊதுகுழல வச்சு ஊதும் பாருங்க, வேகமா ஊதுனா சாம்பல் பறந்து மூஞ்சியில அடிக்கும், மெதுவா நீளமா ஊதுனாத்தான் கங்கு கண்ணு முழிக்கும். முழங்கைய தொடை மேல ஊனி, கொஞ்சம் முன்னாடி குனிஞ்சு உக்காந்து, எதுக்க அடுப்பு இருக்குன்னு நெனச்சு சாம்பல் பறக்காம ஊதுவேன். பத்து ஊதுல அடங்கும், சில நாள் முப்பது ஆகும்.

எக்ஸ்ரேல இருக்க நெழல் மறைய ஆறு வாரத்துக்கு மேலயும் ஆகலாம், நீங்க நல்லானதுக்கு அப்புறந்தான் படம் நல்லாகும், அசதி மூணு மாசம் வரைக்கும் கூட இருக்கும், சிலருக்கு ஆறு மாசம்னாக. இத மொத நாளே யாராவது சொல்லியிருந்தா, மூணாவது வாரம் சாமான் கழுவ நின்னு கால் தள்ளாடுனப்ப நான் உயில் எழுதுறதப் பத்தி யோசிச்சிருக்க மாட்டேன்.

மெஷினுக்கு அன்னைக்கே சட்டம் போட்டாச்சு. காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. கைய தேச்சுச் சூடாக்கி, அஞ்சு நிமிசம் உக்காந்து, நம்பர் ஆடுறது நின்னதும் நோட்ல எழுதணும், அப்புறம் பீரோ, சாவி இவுக கிட்ட. எப்ப கிளம்பணும்னும் எழுதி அடுப்படிச் சுவத்துல ஒட்டுனோம்: கை சூடா இருந்தும் திரும்பத் திரும்ப 92, அதுக்குக் கீழ வந்தா, காய்ச்சல் மறுபடி வந்தா, சளியில ரத்தம், உதடு நீலம், நெஞ்சு வலி, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியாம மூச்சு வாங்குனா, பேச்சு குழறுனா. இது வந்தா பயமா நெசமான்னு பட்டிமன்றம் வேணாம், 108. இது எதுவும் இல்லன்னா ஊதுகுழல். அந்தச் சீட்டுதான் பாதி மருந்து, ஏன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு முடிவெடுக்குற வேலைய பகல்லயே முடிச்சு வச்சாச்சு.

ஒரு நாள் ராத்திரி அதுவும் பத்தல. மகன் போன்ல நம்பர் அனுப்பியிருந்தான், 14416, டெலி மானஸ், மனசு கஷ்டத்துக்குக் கூப்புட்டுப் பேசுற நம்பர், அரசாங்கத்துது, காசு கெடையாது, எந்நேரமும் எடுப்பாக. பைத்தியம்னு நெனப்பாகளோன்னு கூச்சந்தான். தமிழ்லயே ஒரு பொண்ணு பேசுச்சு. அப்பச்சியப் பத்தி நாலு வருசமா யார்கிட்டயும் பேசாதத அந்தப் பிள்ளைகிட்ட பேசிட்டேன். "ஒண்ணுமில்ல"ன்னு அது ஒரு தடவ கூட சொல்லல.

நடை வீட்டுக்குள்ளதான். எங்க வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. மொத வாரம் வளவுல ரெண்டாவது தூண் வரைக்கும், ஆத்தங்குடிக் கல்ல எண்ணிக்கிட்டே. அப்புறம் அடுப்படி. பின்வாசலத் தொட்டுட்டுத் திரும்புன அன்னைக்கு மார்கழி பொறந்துருந்துச்சு.

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கணுமேன்னு அது ஒரு பயம். இருபத்தொரு நூல்த் திரி, மாவுல வச்சு நெய்யில ஏத்தி, எரியுற தீயோட வாயில போட்டுக்கணும், அந்நேரம் இருமல் வந்தா? எல்லாரும் எடுத்து முடிச்சு கடைசில என் முறை வந்துச்சு. மூச்ச நீளமா விட்டுட்டு, வாய மூடிக்கிட்டேன். இருமவே இல்ல, நெய்யும் வெல்லமுமா இனிச்சுச்சு.

ஏழாவது வாரம் எடுத்த படத்துல நெழல் முக்காவாசி போயிருந்துச்சு, மூணாம் மாசம் சுத்தம். நிமோனியா தடுப்பூசியும் போட்டாச்சு.

போன வாரம் ராத்திரி இருமி முழிச்சேன், பழக்க தோஷம், பீரோ சாவி எங்கன்னு தெரிஞ்சு போச்சு, தெறந்து மெஷின எடுத்து மாட்டுனா லைட்டே எரியல. தெறந்து பாத்தா பேட்டரி ரெண்டும் இல்ல. காலைல கேட்டா, டிவி ரிமோட்டுக்குப் போட்டு ரெண்டு வாரம் ஆச்சுங்குறாக. நானும் ராத்திரி தேடல, போயிப் படுத்துத் தூங்கிட்டேன்.