மகனுக்கு 'டிக்' வந்தபோது

என் மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்ட ஆரம்பித்தான். மதுரையில் கண் என்றால் வேறு யோசனையே கிடையாது, அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணில் கோளாறில்லை என்றார்கள். கொஞ்ச நாளில் சிமிட்டல் குறைந்து தோளைக் குலுக்கினான். சித்திரைத் திருவிழா சமயத்தில் தொண்டைச் செருமலும் சேர்ந்துகொண்டது. பாண்டி கோயிலில் கயிறு கட்டலாம் என்றார் அத்தை. கட்டினோம். அவருக்கு மனசு ஆறியது, அதுவும் வேண்டியதுதானே.

அப்புறம் பெரியாஸ்பத்திரி நரம்பியல் பிரிவு. டாக்டர் முன்னால் பிள்ளை சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான்! நல்லவேளை, போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தேன். போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். கொஞ்ச நேரம் அடக்க முடிகிறதா, அந்த நேரத்தில் நினைவு தப்புகிறதா என்று கேட்டார். வலிப்பு இல்லை, ஸ்கேனும் வேண்டாம் என்றார். இப்படித் திடீர் திடீரென்று திரும்பத் திரும்ப வரும் அசைவுக்கும் சத்தத்துக்கும் 'டிக்' என்று பெயராம். இது பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள் தொடங்கும், 10-12 வயதில் கூடும், பிறகு பலருக்கும் தணிந்துவிடும் என்றார். அசைவுகளும் சத்தமும் ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால்தான் டூரெட் என்ற நரம்புக் கோளாறு என்பார்களாம். படிப்பு கெட்டாலோ உடம்பு வலித்தாலோ மாத்திரை, இல்லாவிட்டால் பயிற்சி.

பயிற்சி தந்த உளவியலாளர் முதலில் அவனிடம்தான் கேட்டார், குலுக்குவதற்கு முன்னால் என்ன தோன்றுகிறது என்று. "உள்ள நமநமங்குது, குலுக்கினா போயிருது" என்றான். எங்களுக்கு அதுவரை கேட்கத் தோன்றாத கேள்வி. அந்த நமநமப்பு வந்ததும் முழங்கையை விலாவோடு ஒட்டி, தோளைக் கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு நிமிடம், அல்லது அது அடங்கும்வரை. செருமலுக்கு வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விட வேண்டும். தோளுக்கு நன்றாகக் கேட்டது. செருமலுக்கு அரைகுறைதான்.

பிள்ளையைவிடப் பெரியவர்களைப் பழக்குவதுதான் பெரும்பாடு. யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது டாக்டர் போட்ட விதி. ஒரு கல்யாண வீட்டில் மாமா ஒருவர், "ஏன்டா குலுக்குற? நேரா உக்காரு" என்றதும், பந்தி முடியும்வரை குலுக்கினான். பள்ளியில் டீச்சரிடம் விவரம் சொல்லிவிட்டேன். செருமினால் கண்டுகொள்வதில்லை, தாங்காவிட்டால் தண்ணீர் குடிக்க வெளியே அனுப்புகிறார்.

காலாண்டுப் பரீட்சையில் செருமல் மறுபடி ஏறியது. பதற்றத்திலும் அசதியிலும் கூடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் ஓடவில்லை. விடுமுறையில் குறைந்தது. இப்போது மூக்கைச் சுளிக்கிறான். அதற்கும் ஒரு பயிற்சி கேட்டு வாங்க வேண்டும்.