தூளில் ஏமாந்து, தகட்டில் கண்ட ஆற்றல் மாற்றம்

ரோடமின் 6ஜி, மாலகைட் பச்சை ஆகிய இரு சாயங்களையும் சிலிக்கா தூளின் மேல் ஏற்றி, முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஆற்றல் தாவுவதை அளப்பதே எனக்குத் தரப்பட்ட வேலை. இரண்டும் நேர்மின் சாயங்கள் என்பதால் சிலிக்காவின் மேற்பரப்பு அவற்றை எளிதில் கவர்ந்துகொள்ளும். சாயக் கரைசலில் தூளைக் கலக்கி, வடித்து, வெற்றிடத்தில் உலர்த்தினால் மாதிரி தயார். பச்சையைக் கூட்டக் கூட்ட ரோடமினின் உடனொளிர்வு, அதாவது ஒளியை உறிஞ்சியதும் அது திருப்பி உமிழும் ஒளி, மங்கியது. ஒளியை உமிழாமலே ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறுக்கு ஆற்றலைக் கைமாற்றுவதாக ஜெர்மானிய அறிவியலாளர் ஃபோர்ஸ்டர் 1948-இல் விளக்கிய ஆற்றல் மாற்றம் இதுவே என்று நம்பி, இரண்டு வாரம் வரைபடங்களாகப் போட்டுத் தள்ளினேன்.

பச்சையே சேர்க்காத மாதிரிதான் சந்தேகத்தைக் கிளப்பியது. எத்தனாலில் சுமார் 4 நானோவினாடியாக இருக்கும் ரோடமினின் ஒளிர்வு ஆயுள் (தூண்டப்பட்ட மூலக்கூறு ஒளிரும்வரை ஆகும் சராசரி நேரம்), தூளில் அதைவிட நீண்டிருந்தது. நிறமாலையின் முகடும் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தது. தூளுக்குள் ஒளி பலமுறை சிதறுவதால், ஒரு மூலக்கூறு உமிழ்ந்த ஃபோட்டானை வழியிலுள்ள வேறொன்று உறிஞ்சி மறுபடி உமிழ்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. பச்சையும் இப்படி, உமிழப்பட்ட ஒளியைத்தான் விழுங்கியிருக்கலாம். அவ்வாறு விழுங்கினால் ரோடமினின் பிரகாசம் குறையும், ஆயுள் குறையாது. ஏறத்தாழ 10 நானோமீட்டருக்குள் ஆற்றல் நேரடியாகத் தாவினால் இரண்டும் குறையும். நான் அளந்திருந்ததோ பிரகாசத்தை மட்டுமே.

தூளைக் கைவிட்டுக் குவார்ட்ஸ் தகட்டுக்கு மாறினேன். நீர்த்த கரைசலில் முக்கி, அலசி, உலர்த்திய தகடு வெறும் கண்ணுக்கு நிறமே இல்லாமல் தெரிந்ததால், சாயம் ஒட்டியதா என்றே ஐயம். பச்சை லேசரைக் காட்டி, ஆரஞ்சு வடிகட்டி வழியாகப் பார்த்தபோது, ஒளிக்கற்றை பட்ட இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய புள்ளி ஒளிர்ந்தது. ஆசைப்பட்டுச் சாயத்தைக் கூட்டியதும், தூண்டல் நிறமாலையில் (எந்த அலைநீள ஒளியால் தூண்டினால் எவ்வளவு ஒளிர்கிறது என்ற வரைபடத்தில்) 500 நானோமீட்டருக்கு அருகே, முகட்டின் பக்கவாட்டில் ஒரு தோள் எழுந்தது. இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்ட ரோடமின் மூலக்கூறுகளின் அடையாளம் அது. அந்த இணைகளே ஆற்றலை வாங்கி ஒளிர்வை அணைத்துவிடும் என்பதால் பத்து மடங்கு நீர்த்துத் திரும்பத் தொடங்கினேன்.

இம்முறை பச்சை சேர்ந்ததும் ஆயுளும் குறைந்தது. மடக்கை அளவில் வரைந்த தேய்வுக்கோடு நேராக இல்லாமல் வளைந்தது. சாயங்கள் கரைசலைப் போல முப்பரிமாணமாகப் பரவியிருந்தால், தேய்வின் சூத்திரத்தில் நேரத்தின் 1/2 அடுக்கு வர வேண்டும். தளத்தில் பரவிய சாயங்களுக்கு 1/3 அடுக்கு. என் தரவு 1/3 அடுக்குக்கே நன்கு பொருந்தியது. ஆனால் இரண்டும் தெளிவாகப் பிரிவது தேய்வின் தொடக்கத்தில்தான் என்பதால், லேசர் துடிப்பின் அகலத்தையும் உணரியின் தாமதத்தையும் கணக்கில் சேர்த்துப் பொருத்திப் பார்ப்பதற்கே மேலும் ஒரு மாதம் பிடித்தது.